மாமிக்கு எதிராகவும் பாதுகாப்புக் கட்டளை பெறலாம்: கொழும்பில் எங்கள் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

கணவர் என்னை அடித்ததில்லை. மாமியும் அடித்ததில்லை. அதனால்தான் மூன்று ஆண்டுகள் வாய் மூடி இருந்தேன். சம்பள நாளன்று வங்கி அட்டையை மாமி வாங்கிவிடுவார். "சீதனமாகத் தருவதாகச் சொன்ன வீடு எங்கே?" என்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேட்பார். தொடர்மாடியில் எல்லோருக்கும் கேட்கும்படி மச்சாள் அதையே திருப்பிச் சொல்வாள். நான் உண்மையிலேயே வேலைக்குத்தான் போகிறேனா என்று அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரிப்பார்கள். கணவர் தலையைக் குனிந்துகொள்வார்.

அலுவலகக் கணினியில் தமிழில் தேடியபோது வந்ததெல்லாம், மனைவியைக் கணவரோ அவருடைய உறவினரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு பற்றிய கட்டுரைகள். அது இந்தியச் சட்டம். அங்கேயே 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டத்தின் 85ஆம் பிரிவாகிவிட்டது. இலங்கையில் நமக்குரியது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஓர் ஆண்டு வீணாகிவிட்டது. இதை எழுதுவதும் அதற்காகத்தான்.

கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவர் பொறுமையாகக் கேட்டார். கணவரின் தாய், தந்தை, உடன்பிறந்தவர்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள் என்று அவர் சொன்னபோது நம்ப முடியவில்லை. தொடர்ந்து கொடுமையாகவும் இழிவாகவும் நடத்துவது பாரதூரமாக இருந்தால், காயம் இல்லாவிட்டாலும் அது வன்முறைதான். நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவசரமென்றால் இடைக்காலக் கட்டளை கிடைக்கும். 14 நாட்களுக்குள் விசாரணை நடக்கும். அதன்பின் அதிகபட்சம் 12 மாதங்களுக்குப் பாதுகாப்புக் கட்டளை, அதாவது நம்மைத் துன்புறுத்தக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு. இது விவாகரத்து வழக்கு அல்ல. என் அம்மாவுக்கு இதை விளக்கவே இரண்டு நாட்கள் ஆயின. கட்டளையை மீறினால்தான் ஓர் ஆண்டு வரை சிறையோ அபராதமோ.

எனக்குக் கட்டளை கிடைத்தது. வங்கி அட்டை இப்போது என் பையில் இருக்கிறது. அலுவலகத்துக்கு அழைப்பு வருவதும் நின்றுவிட்டது. மாமி என்னோடு பேசுவதில்லை. அந்த மௌனம் எனக்குப் போதும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தங்கச்சி, நீங்கள் நேரே புதுக்கடைக்குப் போனது நல்லதாயிற்று. நான் முதலில் பொலிஸுக்குப் போனேன். நான் தமிழில் அழுதழுது சொன்னதை அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். பல வாரங்கள் கழித்துத் தெரிந்தவர் ஒருவர் அதை வாசித்துக் காட்டினார்: "குடும்பச் சச்சரவு, சமாதானமாகப் போக விரும்புகிறேன்." நான் அப்படிச் சொல்லவே இல்லை! தமிழும் அரசகரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசித்துப் புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைத்து, என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டே போனேன். அன்று வாசலிலேயே என் குரல் மாறியிருந்தது. நமக்காகப் பொலிஸ் அதிகாரியும் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

தெஹிவளையிலிருந்து:

நகைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. எங்கள் இரு குடும்பங்களும் யாழ்ப்பாணம். கொழும்பில் குடியிருந்தாலும் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை எங்களுக்குப் பொருந்தும். அதன்படி சீதனம் மனைவியின் சொத்து. காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நகைக்கு அதுவும் தேவையில்லை. "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று மாமி வாங்கிய என் காப்புகள் அவருடையவை ஆகிவிடாது. திருமணப் படங்களைப் பார்த்து ஒவ்வொரு நகையாகப் பட்டியல் எழுதினேன். சட்டத்தரணி கடிதம் அனுப்பினார். ஆறு காப்புகளில் நான்கு வந்துவிட்டன. மற்ற இரண்டுக்காகத் திங்கட்கிழமை மீண்டும் புதுக்கடைக்குப் போகிறேன்.