பேருதான் கம்மி: அமெரிக்காவில் கஞ்சாவோடு மாநில எல்லை தாண்டுகிறவர்களுக்கு நடப்பது, ஊர் ஊராக நம் ஆட்கள் சொல்கிறபடி

டல்லாஸ் பக்கம்:
கஞ்சாவைச் சட்டப்படி விற்கும் கொலராடோ போய்விட்டு காரில் டெக்சாஸ் திரும்புகிறவர்கள் மோசமாக மாட்டிக்கொள்வது இலையில் அல்ல, கம்மியில், அதாவது கஞ்சாச் சாறு கலந்த ஜெல்லி மிட்டாயில். டெக்சாஸில் காய்ந்த கஞ்சா 2 அவுன்ஸ் (சுமார் 57 கிராம்) வரை கிளாஸ் பி மிஸ்டிமீனர் (சிறு குற்றம்): 180 நாள் வரை ஜெயில், 2,000 டாலர் வரை அபராதம். 4 அவுன்ஸ் வரை கிளாஸ் ஏ: ஒரு வருடம், 4,000 டாலர். அதைத் தாண்டினால் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம்.

கம்மி, வேப் எண்ணெய், பிரவுனி மூன்றும் இந்தக் கணக்கிலேயே வராது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியின் சாறுக்குத் தனிப் பட்டியல். அதில் ஒரு கிராமுக்குக் கீழே இருந்தாலே ஃபெலனி. எடை போடும்போது டிஎச்சியை மட்டும் பிரித்துப் போடமாட்டார்கள். சர்க்கரை, ஜெலட்டின் எல்லாம் சேர்த்துத்தான். கொலராடோ டப்பாவில் 10 துண்டு, துண்டுக்கு 10 மில்லிகிராம் டிஎச்சி. மொத்தம் 0.1 கிராம். ஆனால் துண்டு ஒன்று 4 கிராம் இருந்தால் தராசு காட்டுவது 40. 4 முதல் 400 கிராம் வரை இரண்டாம் நிலை ஃபெலனி, 2 முதல் 20 வருடம். பேருதான் கம்மி.

கேள்வி, ஹூஸ்டன்:
வேறு மாநிலத்து மெடிக்கல் கார்டு கையில் இருந்தால்?

டல்லாஸ்:
டெக்சாஸ் ஏற்காது. கடை ரசீதும் அப்படித்தான். அது ‘நானேதான் வாங்கினேன்’ என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எல் பாசோ:
எங்கள் ஊருக்கு ஒட்டினாற்போல நியூ மெக்சிகோவின் சன்லாண்ட் பார்க். 2022 ஏப்ரல் முதல் அங்கே 21 வயதானவர்களுக்குக் கடையிலேயே விற்கிறார்கள். 2 அவுன்ஸ் இலை, 16 கிராம் சாறு, 800 மில்லிகிராம் தின்பண்டம் வரை வைத்திருக்கலாம். சில நிமிடம் ஓட்டினால் டெக்சாஸ், அங்கே அதே பை குற்றம். நியூ மெக்சிகோவை விட்டு நகராமல் இருந்தாலும் நிம்மதி இல்லை. லாஸ் க்ரூசஸுக்கு வடக்கே ஐ-25இல் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி இருக்கிறது. அது மத்திய அரசு. மாநிலம் கொடுத்த அனுமதி அங்கே செல்லாது. தேசியப் பூங்காக்களும் அப்படியே, ராக்கி மவுண்டன் உட்பட.

ஆஸ்டின்:
விற்பனை என்றால் மூட்டை மூட்டையாக விற்பது என்று நினைக்கிறோம். டெக்சாஸில் கால் அவுன்ஸ், அதாவது 7 கிராம் வரை சும்மா கொடுத்தால் கிளாஸ் பி, காசு வாங்கினால் கிளாஸ் ஏ. அதற்கு மேல் 5 பவுண்டு வரை, காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஃபெலனி. நாலு பேர் சேர்ந்து வாங்கி, பணம் அனுப்பும் ஆப்பான ஸெல்லில் (Zelle) பங்கு போடுகிறார்களே, அந்தப் பரிவர்த்தனைதான் ‘காசு வாங்கியதற்கு’ சாட்சி.

எடிசன், நியூ ஜெர்சி:
எச்1பி (வேலை விசா), எஃப்1 (மாணவர் விசா), கிரீன் கார்டுக்காரர்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். குடியேற்றச் சட்டம் பார்ப்பது 1970ஆம் வருட மத்தியப் போதைப்பொருள் சட்டத்தை. நாடு கடத்துவதில் ஒரே ஒரு விலக்கு: சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் வரை, ஒரே ஒரு முறை வைத்திருந்தது. விற்பனைக்கு அது கிடையாது.

மாட்டுவது எங்கே என்றால் அரசு வக்கீலோடு செய்துகொள்ளும் சமரசத்தில். ‘குற்றத்தை ஒப்புக்கொள், ஒரு வருடம் ஒழுங்காக இரு, கேஸை மூடிவிடுகிறோம்’ என்பார்கள். மாநிலக் கணக்கில் தண்டனையே இல்லை. குடியேற்றக் கணக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டு கோர்ட்டும் ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்துவிட்டால் அதுவே தண்டனைத் தீர்ப்பு. பிறகு பதிவை அழித்தாலும் பெரும்பாலும் உதவாது. கிரிமினல் வக்கீலிடம் கையெழுத்துப் போடும் முன் விசா நிலையைச் சொல்லுங்கள். 2010இல் படிலா வழக்கில் உச்ச நீதிமன்றம், விளைவை எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை என்றது. ஜார்ஜியாவில் மோன்க்ரீஃப் என்பவரின் காரில் இருந்தது 1.3 கிராம். விற்கும் நோக்கம் என்று ஒப்புக்கொண்டதால் நாடு கடத்தல் வரை போய், 2013இல் உச்ச நீதிமன்றம்தான் அதைக் கடுங்குற்றமாகக் கொள்ள முடியாது என்றது.

தண்டனையே இல்லாமலும் வினை வரும். விமான நிலையத்தில் ‘எப்போதாவது பயன்படுத்தியதுண்டா?’ என்று கேட்டு வாங்கும் ஒப்புதலே நுழைவை மறுக்கப் போதலாம். பொய் சொன்னால் அது தனி வினை. வக்கீல் இல்லாமல் பதில் சொல்ல விரும்பவில்லை என்பதுதான் வழி, அதிலும் திருப்பி அனுப்பும் அபாயம் உண்டு. கிரீன் கார்டு இல்லாதவர்கள் இதை முன்கூட்டியே வக்கீலிடம் பேசிவைப்பது நல்லது.

டல்லாஸ்:
ரோட்டில் நிறுத்தினால் லைசென்ஸ், இன்சூரன்ஸ் கொடுங்கள். ‘சோதனைக்கு எனக்குச் சம்மதமில்லை’ என்று ஒரே முறை, மரியாதையாக. டிக்கெட் எழுதி முடித்தபின், காரணமில்லாமல் மோப்ப நாய் வரும்வரை காக்க வைக்கக்கூடாது என்பது 2015 ரோட்ரிகஸ் தீர்ப்பு. ‘ஒரே ஒரு கம்மிதான் சார்’ என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். நம் ஆட்கள் பணிவில் முதலில் சொல்வது அதைத்தான்.