டெட்ராகிராமட்டான்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புடையீர்,
சமய ஒப்பியல் வகுப்புக்கு யூதம் பற்றிப் பாடம் எழுதுகிறேன். கலைச்சொல் பட்டியல் வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். எபிரேய மறையில் 6,800 தடவைக்கு மேல் வரும் இறைப்பெயர்தான் டெட்ராகிராமட்டான். யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு எபிரேய எழுத்துகள். யூதர் அதை உச்சரிப்பதில்லை. அந்த இடத்தில் 'அதோனாய்' என்று வாசிப்பார்கள், பேச்சில் 'ஹாஷெம்'. 'கர்த்தர்' உதவாது, அது அதோனாய்க்குத்தான் நேர்.

> மறுமடல்
திருநாலெழுத்து. சிவனுக்கு ஐந்து, முருகனுக்கு ஆறு, திருமாலுக்கு எட்டு. இதற்கு மட்டும் என்ன குறை?

> மறுமடல்
குறை இருக்கிறது ஐயா. ஐந்தெழுத்து ஓயாமல் ஓதுவதற்கு. இது ஓதாமல் விடுவதற்கு. தவிர, அந்தப் பெயரைத் தமிழில் 'யாவே' என்று எழுதினால் இரண்டெழுத்து, 'யஹ்வே' என்றால் மூன்று. நாலாவதை மாணவர் எங்கே தேடுவார்?

> மறுமடல்
எழுத்து என்று வந்தபின் சும்மா இருக்க முடியவில்லை. மொழிமுதல் யகரத்துக்குத் தொல்காப்பியர் ஆகாரத்தை மட்டுமே உள்ளே விட்டார். ஆகவே 'யாவே' தப்பித்தது. நன்னூலார் ஆறு உயிர்களை உள்ளே விட்டார். ஹகரத்தைக் கண்டுகொள்ளாவிட்டால் 'யஹ்வே'யும் நுழையும். 'யெகோவா' இருவருக்கும் ஆகாது. எபிரேயத்திலும் அது ஆகாது. 'இங்கே அதோனாய் என்று வாசி' என நினைவூட்ட, மசோரெட்டுகள் (எபிரேய மறைக்கு உயிர்க்குறி இட்ட யூத அறிஞர்கள்) அதோனாயின் உயிர்க்குறிகளை இந்த நான்கு எழுத்துகளோடு இட்டார்கள். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் சேர்த்து வாசித்துவிட்டார்கள்.

> மறுமடல்
வேதத்தை எழுதாக்கிளவி, அதாவது எழுதாத சொல், என்றோம்: ஓதலாம், எழுதக் கூடாது. இது நேர் எதிர்: எழுதலாம், ஓதக் கூடாது. அப்படியானால் 'ஓதாக்கிளவி'! ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வடமொழிக் கலப்பே இல்லை.

> மறுமடல்
அழகுதான், அம்மா. ஆனால் எருசலேம் கோயில் இருந்த காலத்தில், யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளன்று தலைமைக் குரு அதை வாய்விட்டே சொன்னார். கி.பி. 70இல் கோயில் இடிந்த பின்பு அந்த வழக்கமும் போயிற்று. 'ஓதா' என்று முத்திரை குத்தினால் அந்த வரலாறு எங்கே நிற்கும்? என் மாணவர்களோ கிளவி என்றால் கிழவியா என்பார்கள்.

> மறுமடல்
சரி, வெள்ளி வந்துவிட்டது. 'நாலெழுத்துப் பெயர்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். ஓதாக்கிளவி அடிக்குறிப்பில். மூவர் சரி என்றீர்கள், மற்றவர்கள் மறுக்கவில்லை.

> மறுமடல்
பேசாமல் இருந்தால் சம்மதமா? ஹாஷெம் என்பதற்கே 'அந்தப் பெயர்' என்றுதான் பொருள். அதையும் தமிழாக்கினால் பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு 'பெயர்' நிற்கும். அச்சுப்படி வந்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.