லெவலிங்குக்குத் தமிழில் என்ன? ‘மட்டமாதல்’ வேண்டாம், ‘இழைதல்’ பொருந்தும்

அனைவருக்கும் வணக்கம்.

மாடல் கார் பெயின்டிங் சொற்பட்டியலில் பிரைமர் (அடிப்பூச்சு), கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு), மாஸ்கிங் (பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைப்பது) எல்லாம் ஒருவாறு முடிந்துவிட்டன. லெவலிங் (அடித்த பெயின்ட் காயுமுன் தானாகவே சீராகப் பரவிக்கொள்வது) மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. மட்டமாதல், சமன்படுத்தல், சமதளமாக்கம், படிதல் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கிலும் எனக்குத் தயக்கம் உண்டு. முதலில் பொருளைப் பேசிவிடுகிறேன். முந்தைய மடல்களில் இரண்டு வெவ்வேறு வேலைகள் ஒரே பெயருக்குள் கலந்து கிடக்கின்றன.

> வழவழப்பு கடைசியில் உப்புத்தாளும் பாலிஷும் போட்டுத்தானே வருகிறது? ‘சமன்படுத்தல்’ என்றால் போதாதா?

இங்கேதான் மாறுபடுகிறேன், ஐயா. தாளும் பாலிஷும் நாம் செய்வது. லெவலிங் என்பது பெயின்ட் தானாகச் செய்துகொள்வது.

1:24 அளவுக் காரின் (அசலில் 24-இல் ஒரு பங்கு) பானெட்டில் கிளியரை நன்றாக ஈரமாக ஒரு கோட் அடித்ததும், அதைச் சாய்த்துப் பிடித்து குழல்விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். முதலில் விளக்கின் விளிம்பு பிசிறுபிசிறாகத் தெரியும். ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் பிசிறு மறைந்து மெல்லிய நெளிவாகும், நெளிவும் தளரும், பிறகு விளிம்பு ஒரே கோடாக நிற்கும். ஏர்பிரஷ்ஷிலிருந்து தனித்தனியாக வந்து விழுந்த துளிகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஒரே படலமாகிவிட்டன. மேட்டில் இருந்த பெயின்டைப் பரப்பு இழுவிசை பள்ளத்துக்குத் தள்ளிவிட்டது. தின்னர் ஆவியாகிப் பெயின்ட் கெட்டிப்படுவதற்குள் இது முடிய வேண்டும். முடியாமல் பாதியில் உறைந்துபோன நெளிவைத்தான் ஆரஞ்சுத் தோல் என்கிறோம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. படலத்தின் தடிமன் பாதியானால் நெளிவு அடங்கும் வேகம் 8-இல் ஒரு பங்காகிவிடும். நெளிவின் அகலம் இரு மடங்கானால் வேகம் 16-இல் ஒரு பங்காகும். “வழிந்துவிடுமோ என்று பயந்து மெல்லிசாக, பல கோட்டாகத்தான் அடிக்கிறேன், ஆனாலும் சொரசொரப்பு போகவில்லை” என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். ஒவ்வொரு மெல்லிய கோட்டும் நெளிவு அடங்குமுன்பே காய்ந்துவிடுகிறது, அடுத்தது அதே சொரசொரப்பின் மேல் போய் உட்காருகிறது. பொடிச் சொரசொரப்பு சீக்கிரம் போய்விடும், அகன்ற அலை மட்டும் பிடிவாதமாக நிற்கும் என்பதும் இதே கணக்கில் அடக்கம். ரொம்பத் தூரத்திலிருந்து அடித்தால் இன்னும் மோசம். துளி பறக்கும்போதே தின்னரை இழந்து, தூளாக வந்து ஒட்டும். அதில் கலப்பதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. மறுபுறம், கதவு போன்ற செங்குத்தான பக்கத்தில் தடிமனை அளவுக்கு மீறி ஏற்றினால் வழிந்துவிடும். ஆகவே கடைசி ஈரக் கோட் எப்போதும் வழிவதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிற வேலை.

மாடலுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? உண்மையான காரில் எல்லா அடுக்கும் சேர்ந்து ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் பெயின்ட் இருக்கும். அதை 24-ஆல் வகுத்தால் 0.004 மில்லிமீட்டர். நம் கோட்டுகள் அதைப்போலப் பல மடங்கு தடிமன். நெளிவும் அப்படித்தான், அளவுக்கு ஏற்றாற்போலச் சுருங்கி வராது. சின்னக் காரின் கூரையில் இருக்கும் அலையை 24 மடங்கு பெரிதாக்கி மனத்தில் பாருங்கள், அப்படி ஒரு காரை எவரும் ஷோரூமிலிருந்து ஓட்டிக்கொண்டு வரமாட்டார்கள்.

பிறகு தாளால் தேய்த்துக்கொள்ளலாமே என்றால், தேய்க்கலாம். ஆனால் கூரான விளிம்புகளிலிருந்து பரப்பு இழுவிசை பெயின்டை விலக்கிவிடுவதால் அங்கேதான் படலம் மிக மெலிந்திருக்கும். 2000 எண் உப்புத்தாளில் (மிக நைசானது) நான்கு இழுப்பு இழுத்தால் பானெட்டின் மடிப்பில் பிரைமர் எட்டிப் பார்க்கும். கதவு இடுக்குக் கோடுகளிலோ தேய்த்த சேறு போய் அடைந்துகொள்ளும். தேய்ப்பது பழுது பார்ப்பது மாதிரிதான் என்பது என் கட்சி. முடிந்தவரை பெயின்டே அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது சொற்கள்.

‘மட்டமாதல்’ கருத்தளவில் சரி. ஆனால் “பூச்சு மட்டமாக வந்திருக்கிறது” என்று எழுதினால் படிப்பவர்களில் பாதிப் பேர் ஆறுதல் சொல்ல வருவார்கள். ‘சமதளமாக்கம்’ தட்டையான பலகைக்குச் சரி. கார் கூரை வளைவு, பெயின்ட் அந்த வளைவோடு போகிறதே தவிர அதைத் தளமாக்குவதில்லை. ‘படிதல்’ தூசிக்கும் பொருந்துகிறது, அதுவே நமக்குப் பகை. ‘அடங்கல்’ என்று நானே முதலில் நினைத்தேன், அலை அடங்குகிறதல்லவா? கிராமக் கணக்குப் பதிவேடு குறுக்கே வந்து நின்றது. ‘நிரவல்’ இன்னும் நெருக்கம். ஆனால் அதைக் கேட்டதும் கச்சேரி நினைவு வருகிறது. தவிர, மண்ணை நிரவுவது என்றாலே கையில் மண்வெட்டியோடு ஓர் ஆள் தேவை. ‘சமன்படுத்தல்’ சொல்லிலும் அதே ஆள் நிற்கிறார்.

எனக்குத் தோன்றுவது ‘இழைதல்’. தச்சர் இழைப்புளியால் பலகையை இழைக்கிறார், சந்தனத்தைக் கல்லில் இழைக்கிறோம். அது பிறவினை, கை வேண்டும். குரலும் குழலும் இழைந்து வருகின்றன என்கிறோமே, அது தன்வினை. இரண்டு ஒன்றுக்குள் ஒன்று கலந்து பிசிறில்லாமல் போவது. பானெட்டில் துளிகளுக்கு நடப்பது அதுதான். ஆக, பெயின்ட் செய்வது இழைதல் அல்லது இழைவு. தாளால் நாம் செய்வது இழைத்தல் அல்லது இழைப்பு. இழைவு கூடினால் இழைப்பு குறையும். இரண்டு வேலைகளும் ஒரே வேரில் நின்று, ஆனால் கலக்காமல் இருக்கின்றன.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “கிளியர் இழையுமுன் காய்ந்துவிட்டது.” “பக்கவாட்டில் இழைவு போதவில்லை.” நெருடவில்லை.

*

தம்பிக்கு வணக்கம்.

தன்வினை, பிறவினை வாதம் பிடித்திருக்கிறது. ஆனால் இழை என்றாலே பலருக்கும் நூல்தான் நினைவுக்கு வரும். கண்ணாடியிழை, கார்பன் இழை எல்லாம் ஏற்கெனவே பட்டியலில் இருக்கின்றன. கார்பன் இழை டெக்கல் (மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டி அதன்மேல் கிளியர் அடிப்பவரிடம் இழைவு பற்றிப் பேசினால் குழம்ப மாட்டாரா?

இன்னொன்று. லெவலிங் தின்னரை இன்னொருவர் ‘இழைவூக்கி’ என்று மொழிபெயர்த்து எனக்குத் தனிமடலில் அனுப்பியிருந்தார். அதற்கு உன் கருத்து என்ன? வெட் சாண்டிங்குக்கு (உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பதற்கு) அவர் ‘நீரிழைப்பு’ என்றும் எழுதியிருக்கிறார்.

*

ஐயா,

கார்பன் டெக்கல் விஷயத்தைச் சோதனையாகவே எடுத்துக்கொள்கிறேன்: “கார்பன் இழை டெக்கலின் விளிம்பு தெரியாமல் போகும்வரை கிளியர் இழைய வேண்டும்.” ஒன்று பெயர், ஒன்று வினை. தடுக்கவில்லை. பெயர்ச்சொல்லாக வரும் இடத்தில் எப்போதும் ‘இழைவு’ என்றே எழுதுவோம், வெறும் ‘இழை’ என்று விட வேண்டாம். அந்த ஒரு விதி போதும்.

‘இழைவூக்கி’ வேண்டாம் என்பேன். மிஸ்டர் கலர் என்ற மாடல் பெயின்ட் வரிசையின் லெவலிங் தின்னரில் இருப்பது ரிடார்டர், அதாவது மெதுவாக ஆவியாகும் கரைப்பான். அது இழைவை முடுக்கிவிடுவதில்லை, இழைவதற்கு அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். மாடல் தயாரிக்கும் தமியா நிறுவனமும் லாக்கர் தின்னரில் ரிடார்டர் கலந்த வகை ஒன்றைத் தனியாக விற்கிறது. பெயின்ட் தயாரிப்பில் பரப்பு இழுவிசையைச் சீராக்கச் சேர்க்கும் பொருள்கள் வேறு. ‘இழைவூக்கி’யை அவற்றுக்கு ஒதுக்கி வைக்கலாம். ரிடார்டருக்கு ‘உலர்தாமதி’ என்று போட்டிருக்கிறேன், அழகான சொல் இல்லை, ஆனால் வேலையைச் சொல்கிறது. கூடுதலாக ஊற்றினால் என்ன ஆகும் என்பதும் அதிலேயே இருக்கிறது: கோட் நெடுநேரம் காயாது, தூசி பிடிக்கும், பக்கங்களில் வழியும்.

பாட்டில் தின்னர் கலக்க வழியில்லாத ஸ்ப்ரே கேன்காரர்களுக்கும் ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் பெயின்ட் இளகி, அழுத்தம் கூடி, துளி பொடியாகும். இழைவு தெரிகிற அளவுக்கு மேம்படும். கொதிநீரும் அடுப்பும் கூடவே கூடாது, கேன் வெடிக்கும்.

‘நீரிழைப்பு’ பற்றி: வேகமாகப் படித்தால் நீரிழிவு என்று கண்ணில் படுகிறது. ‘ஈர இழைப்பு’ என்று பிரித்தே எழுதிவிடுவோம்.

நிலுவையில் இருப்பது ஃபிஷ் ஐ. ‘மீன்கண்’ என்று நேராக மாற்றியிருக்கிறார்கள். எண்ணெயோ சிலிக்கானோ பட்ட இடத்தை விட்டுப் பெயின்ட் விலகிக் குழியாவதுதான் அது. விரல் ரேகை பட்ட பாடியைக் கழுவாமல் அடிப்பவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள். காரணத்தைக் காட்டும்படி ‘எண்ணெய்க்குழி’ என்று வைக்கலாமா, அல்லது சிலிக்கானையும் சேர்த்துக்கொள்ள ‘விலகுகுழி’ நல்லதா? எனக்கு இரண்டாவது. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் ஏற்றுகிறேன்.