மருத்துவமனைப் பயிற்சிக்கு (பிளேஸ்மென்ட்) தடுப்பூசிப் பதிவு: அட்மிஷன் கிடைத்த வாரமே தேடத் தொடங்குங்கள்

நர்சிங், பிசியோதெரபி, பல் மருத்துவம், ரேடியாலஜி, லேப் என்று எந்தப் படிப்புக்காக வெளிநாட்டுக்கு வந்திருந்தாலும், மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்பும் முன் கல்லூரி உங்களிடம் தடுப்பூசிப் பதிவைக் கேட்கும். பார்த்தால் இரண்டு பக்கப் படிவம்தான். அதை முழுதாக நிரப்பிக் கொடுக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. சின்ன வயதில் ஊசியெல்லாம் போட்டிருந்தார்கள், ஆனால் நான் தேடவே ஆரம்பித்தது வகுப்பு தொடங்கிய பிறகு. கூடப் படித்தவர்கள் வார்டுக்குப் போன முதல் சுற்றை நான் தவறவிட்டேன். அந்த நிலை இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். விசா, வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் முடியட்டும் என்று இதைத் தள்ளி வைக்காதீர்கள்.

முதலில் கல்லூரியின் படிவத்தைக் கையில் வாங்குங்கள். எந்த ஊசிக்கு எத்தனை டோஸ், எந்த இரத்தப் பரிசோதனை, யார் கையெழுத்து என்று அதில்தான் இருக்கும், அது நாட்டுக்கு நாடு, கல்லூரிக்குக் கல்லூரி மாறும். படிவம் இல்லாமல் டாக்டரிடம் போனால் ஒரே வேலைக்கு இரண்டு முறை போக வேண்டி வரும்.

அப்புறம் தேடல். அம்மா எடுத்து வைத்திருக்கும் தடுப்பூசி அட்டைதான் முதல் இடம். முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டை இல்லையென்றால் பிறந்த மருத்துவமனை, ஊசி போட்ட குழந்தைகள் மருத்துவர், சுகாதார நிலையம், படித்த பள்ளி, முன்பு படித்த கல்லூரி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியதுதான். விசாவுக்காக மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அங்கே எடுத்த எக்ஸ்ரே, போட்ட ஊசி எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அட்டை கிடைத்துவிட்டாலும் அதில் பெயர் சிக்கல் வரலாம். பெயர் வைக்கும் முன்பே முதல் ஊசி போட்டிருப்பார்கள், அதனால் அட்டையில் அம்மா பெயரும் 'பெண் குழந்தை' என்பதும் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து குடும்பப் பெயராகியிருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட பிறப்புச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுங்கள். தேதியையும் கவனியுங்கள்: 03/04 என்பது ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4. படிவத்தில் மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள். அட்டை தமிழில் இருந்தால், யார் செய்த மொழிபெயர்ப்பை ஏற்பார்கள் என்று கல்லூரியில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தட்டம்மை ஊசியில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்பதாம் மாதத்தில் போட்ட டோஸை அமெரிக்கா போன்ற நாடுகளில் கணக்கில் எடுப்பதில்லை, முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டவைதான் கணக்கு. அதோடு உங்கள் அட்டையில் தட்டம்மை மட்டுமோ, தட்டம்மை-ரூபெல்லா மட்டுமோ இருந்தால் பொன்னுக்கு வீங்கிக்கான பாதுகாப்பு அதில் இல்லை. கேட்பது மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர், குறைந்தது 28 நாள் இடைவெளியில் இரண்டு டோஸ். அட்டையில் 'எம்ஆர்' என்று இருப்பதை 'எம்எம்ஆர்' என்று படித்து ஏமாந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சின்னம்மைக்கு "எனக்குச் சின்ன வயசுலயே வந்துபோச்சு" என்று வாயால் சொன்னால் பெரும்பாலும் போதாது. உடலில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ஐஜிஜி ஆன்டிபாடி இரத்தப் பரிசோதனை, அல்லது இரண்டு டோஸ் ஊசிக்கான பதிவு வேண்டும். இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எம்எம்ஆருக்கும் சின்னம்மைக்கும் இரண்டு டோஸுக்கும் தெளிவான பதிவு இருந்தால், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் வழிகாட்டுதல்படி அந்தப் பதிவே போதும், டைட்டர் (இரத்தத்தில் ஆன்டிபாடி எவ்வளவு என்று அளக்கும் சோதனை) தேவையில்லை. ஊசியால் வரும் சின்னம்மை ஆன்டிபாடியை வழக்கமான லேப் சோதனை சில நேரம் காட்டாமல் விட்டுவிடும். படிவம் கட்டாயமாகக் கேட்டால் ஒழிய, கையில் பதிவு இருக்கும்போது நீங்களாகப் போய் டைட்டர் எடுத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பதிவே கிடைக்கவில்லையா? பயப்பட வேண்டாம். இரத்தப் பரிசோதனை செய்யலாம், அல்லது நேராக மறுபடி ஊசி போட்டுக்கொள்ளலாம். முன்பே எம்எம்ஆர் போட்டவர் இன்னொரு முறை போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை, கர்ப்பமாக இருப்பவர்கள் போடக்கூடாது, போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு ஊசியையும் ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் நடுவில் 28 நாள் விட வேண்டும்.

என்னைக் காக்க வைத்தது ஹெபடைடிஸ் பி, நம்மில் பலர் 'மஞ்சள் காமாலை ஊசி' என்று சொல்வது. மூன்று டோஸ் வழக்கமாக 0, 1, 6 மாதங்களில். கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து டைட்டர் எடுக்க வேண்டும், அது 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பாதுகாப்பு இருப்பதாகக் கணக்கு. அதாவது இந்த வழக்கமான முறையில் முதலிலிருந்து தொடங்கினால் ஏழெட்டு மாதம் தானாகவே ஓடிவிடும். குழந்தையாக இருக்கும்போது போட்டவர்களுக்குப் பெரியவரான பின் டைட்டர் 10-க்குக் கீழே வருவது சாதாரணம், எனக்கும் அப்படித்தான் வந்தது. அதற்காக மூன்றையும் உடனே திரும்பப் போட வேண்டியதில்லை, பழைய பதிவு முழுதாக இருந்தால் ஒரு டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள், பலருக்கு எண் நன்றாக ஏறிவிடும். எனக்கு மூன்றாவது டோஸின் தேதி அட்டையில் இல்லை. அதனால் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. சில நாடுகளில் 18 வயது கடந்தவர்களுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டே டோஸ் போடும் வகையும் இருக்கிறது, கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். லேப்பில் 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று மட்டும் போடாமல் எண்ணோடு ரிப்போர்ட் தரச் சொல்லுங்கள்.

இவ்வளவு கறாராக ஏன் கேட்கிறார்கள் என்று கோபம் வரும், எனக்கும் வந்தது. பாதுகாப்பு இல்லாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் குத்திவிட்டால் தொற்று வரும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். எச்ஐவிக்கு அது சுமார் 0.3 சதவீதம். இந்தக் கணக்கைப் பார்த்த அன்று கோபம் போய்விட்டது.

காசநோய்ப் பரிசோதனையும் இருக்கும். பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை, நோய் இல்லாமலே பாசிட்டிவாக வரலாம். ஐஜிஆர்ஏ என்ற இரத்தப் பரிசோதனையை பிசிஜி பாதிக்காது, அதைச் செய்யலாமா என்று கேளுங்கள். தோல் சோதனைதான் என்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும், வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டு விடுமுறை நாளில் மாட்டாதீர்கள். எம்எம்ஆர் போட்ட அதே நாளில் இந்தச் சோதனையைச் செய்யலாம், அன்று விட்டுவிட்டால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். இந்த வரிசை தெரியாமல் ஒரு மாதத்தை இழப்பவர்கள் நிறைய. படிவத்தில் வரும் டிடேப் (Tdap) ஊசி பற்றி ஒரு வரி: காயம் பட்டபோது போட்ட டிடி அதற்கு ஈடாகாது, டிடேப்பில் டெட்டனஸ், டிப்தீரியாவோடு கக்குவான் இருமலுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு உண்டு.

தெரிந்த டாக்டரிடம் பழைய தேதி போட்டு சர்டிபிகேட் வாங்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிடிபட்டால் படிப்பே போகலாம், பிடிபடாவிட்டால் இன்னும் மோசம், நீங்கள் தொடப்போவது பிறந்த குழந்தையாகவோ கீமோ எடுக்கும் நோயாளியாகவோ இருக்கலாம்.

பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி தொற்றே இருப்பதாக வந்தால் யாரிடமும் சொல்லாமல் படிப்பை விட்டுவிடாதீர்கள். தொற்று இருப்பது மட்டுமே மருத்துவப் படிப்புக்குத் தடையாகக் கூடாது என்று சிடிசி 2012-லேயே பரிந்துரைத்திருக்கிறது. வேறு நாட்டில் விதி வேறாக இருக்கலாம், ஆனால் கல்லூரியின் மாணவர் சுகாதாரப் பிரிவில் பேசினால் எந்த வேலையைச் செய்யலாம், எதற்குக் கண்காணிப்பு வேண்டும் என்று வழி சொல்வார்கள், சிகிச்சைக்கும் அனுப்புவார்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகு ஒரே பிடிஎஃப் ஆக்கி, ஃபோனில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, வீட்டாரிடம் ஒன்று என்று வையுங்கள். புதிதாகப் போடும் ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, பேட்ச் எண், கையெழுத்து, முத்திரை நான்கும் இருக்கிறதா என்று கிளினிக்கை விட்டு வெளியே வரும் முன்பே பாருங்கள். ஃப்ளூ ஊசியை அடுத்த வருடமும் கேட்பார்கள்.