சிப்பிப்பாறைக் குட்டிக்குப் பால் சோறு மட்டும் போதுமா?

கேள்வி (கோவில்பட்டி வாசகர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று மாதம் நிறைந்த சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி ஒன்று வளர்கிறது. எடை ஏழு கிலோ. காலையிலும் மாலையிலும் பால் சோறும் இரவில் தயிர் சோறும் கொடுக்கிறோம். முட்டை வரை எங்கள் வீட்டில் புழக்கம் உண்டு, இறைச்சியும் மீனும் சமைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டார் கோழிக் குழம்பில் மிஞ்சிய எலும்புகளைக் கொண்டுவந்து போடுகிறார்கள்.

சில நாள்களாகக் குட்டியின் முன்னங்கால்கள் சற்று வெளிப்புறமாக வளைந்திருப்பதுபோல் தெரிகிறது, படியேறவும் தயங்குகிறது. வெயிலில் விட்டால் கால் நிமிர்ந்துவிடும் என்றும், அந்தக் காலத்தில் கம்பங்கஞ்சி குடித்தே இந்த நாய்கள் முயலை விரட்டிப் பிடித்தன என்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். இறைச்சி சமைக்காத வீட்டில் இந்தக் குட்டியைக் குறையில்லாமல் வளர்க்க முடியுமா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (கால்நடை மருத்துவர், நாமக்கல்)

முதலில் குட்டியை நேரில் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கால் வளைவதற்கு உணவுக் குறை தவிர வேறு காரணங்களும் உண்டு. படத்தைப் பார்க்காமல் எழுத்து வழியாக உறுதி கூறுவது முறையாகாது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. அதுவரை படி ஏறவோ உயரத்திலிருந்து குதிக்கவோ விடாதீர்கள்.

நீங்கள் சொல்லும் உணவை வைத்துப் பார்த்தால், சுண்ணாம்புச் சத்துக் (கால்சியம்) குறைபாட்டையே நான் முதலில் சந்தேகிப்பேன். ஏழு கிலோ எடையுள்ள இந்த வயதுக் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 900 கலோரி தேவைப்படும் என்று கொள்ளலாம். அந்த 900 கலோரியோடு 50 கிராம் அளவுக்குப் புரதமும், 2,700 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியமும் சேர்ந்து வரவேண்டும். அரை கிலோ சோறும் 400 மில்லி பாலும் கொடுத்தால் கலோரிக் கணக்கு நேராகிவிடும். ஆனால் புரதம் 26 கிராம் அளவில் நின்றுவிடும், கால்சியமோ 550 மில்லிகிராமைத் தாண்டாது. வயிறு நிறைவதால் குட்டி அழுவதில்லை, எடையும் கூடுகிறது. ஆகவே வீட்டில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. உள்ளே நடப்பது வேறு: இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதை எலும்பிலிருந்து உருவி ஈடுகட்டுகிறது, எலும்பு மெலிகிறது, சாதாரணமாகத் துள்ளி விளையாடும்போதே முறியவும் கூடும்.

பால் சோற்றுக்குப் பதிலாக வெறும் கோழிக்கறி கொடுத்தாலும் இந்தக் குறை தீராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. இரண்டும் ஏறத்தாழச் சமமாகவோ, கால்சியம் சற்றுக் கூடுதலாகவோ இருந்தால்தான் எலும்பு உறுதியாக வளரும். கேழ்வரகு நல்ல தானியமே. இருப்பினும் 100 கிராம் மாவில் கிடைக்கும் கால்சியம் ஏறத்தாழ 350 மில்லிகிராம் என்பதால் அது மட்டும் பள்ளத்தை நிரப்பாது.

வெயிலைப் பற்றிய நம்பிக்கை மனிதர்களுக்குப் பொருந்துவது. நாயின் தோல் வெயிலைக் கொண்டு போதிய அளவு வைட்டமின் டி உண்டாக்காது. அது உணவிலிருந்துதான் வரவேண்டும். கோழி எலும்புகளை இன்றோடு நிறுத்துங்கள். வேகவைத்த எலும்பு கூரான சில்லுகளாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கக்கூடியது.

உங்கள் வீட்டுச் சூழலுக்கு என் பரிந்துரை இதுதான்: ஒரு வயது வரை, ‘வளரும் குட்டிகளுக்கான முழுமையான சரிவிகித உணவு’ என்று உறையில் தெளிவாக எழுதியிருக்கும் உணவை முதன்மையாகக் கொடுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். ஒரு வார காலத்தில், முதலில் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு என்று கூட்டிச் செல்லுங்கள். நான்கு மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு வேளை போதும். குடற்புழு மருந்தும் தடுப்பூசிகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய நோய்களுக்கான ஊசித் தவணைகள் பதினாறு வாரம் வரை தொடரவேண்டும். மூன்று மாதம் நிறைந்துவிட்டதால் வெறிநோய்த் தடுப்பூசியும் உடனே தேவை.

மறுமொழி 2 (நாட்டு நாய் வளர்ப்பவர், சிவகாசிப் பக்கம்)

மருத்துவர் ஐயா சொன்னதோடு, கஞ்சி குடித்து வளர்ந்த நாய்களைப் பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் பகுதியில் கம்பும் சோளமும் காய்ச்சி ஊற்றியது உண்மைதான். ஆனால் அந்த நாய்கள் கஞ்சியை மட்டுமா உண்டன? வேட்டையில் ஒரு பங்கு அவற்றுக்கும் கிடைத்தது. காட்டில் அலையும்போது எலியும் ஓணானும் எலும்போடு உள்ளே போயின. இன்றைக்கு முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அது சரியானதும்கூட. வேட்டை நின்றுபோன வீட்டில் கஞ்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது. மேலும், அந்த நாள்களில் ஓர் ஈற்றில் எத்தனை குட்டிகள் கால் வளைந்தும் நோயுற்றும் செத்தன என்பதை யாரும் கதையாகச் சொல்வதில்லை, பிழைத்த நாயின் ஓட்டத்தைத்தான் சொல்கிறோம்.

இன்னொன்று, உடல்வாகு. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒட்டிய வயிறும் நீண்ட காலும் உடைய ஓட்ட நாய்கள். வளர்ந்த நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரிவது இயல்பு. லாப்ரடாரைப்போல உருண்டு திரளவேண்டும் என்று எதிர்பார்த்து ஊட்டினால் மூட்டுகளுக்குத்தான் கேடு. அதேசமயம் இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் புடைத்து நின்றால் அது இனத்தின் அழகு அன்று, பட்டினி. இந்த வேறுபாட்டை மறைத்து, ‘இந்த ஜாதி இப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிக் குட்டி விற்பவர்கள் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கால் சரியானபின் நாள்தோறும் ஓட இடம் கொடுங்கள். நாயைக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், போதிய உணவும் நீரும் தராமல் விடுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தண்டனைக்குரியவை.

மறுமொழி 3 (மதுரை வாசகி)

எங்கள் வீட்டிலும் முட்டையோடு சரி. எங்கள் நாட்டு நாய் பல ஆண்டுகளாக நலமாக இருக்கிறது. பூனையைப்போல் இறைச்சி இல்லாமல் வாழவே முடியாத உயிரினம் அன்று நாய். எனினும் வளர்ந்த நாய்க்கு ஏற்ற சமையல் குட்டிக்கு ஏற்காது என்பதால், ஒரு வயது வரை மருத்துவர் சொன்ன உணவே பாதுகாப்பானது. அதன்பிறகு வேகவைத்த முட்டை, தயிர், குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, பரங்கிக்காய், கேரட், அளவான சோறு என்று போகலாம். தாது உப்புக் கலவையின் அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டையைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம்.

நம் வீடுகளில் நாய்க்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் மிச்சக் குழம்பில்தான் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் வதங்கினாலும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். அதற்குக் காரணமாகக் கருதப்படும் டார்டாரிக் அமிலம் புளியில் மிகுதியாக இருப்பதால், புளிக்குழம்பையும் ரசத்தையும் நான் அறவே கொடுப்பதில்லை. பாயசத்தில் கிடக்கும் ஒன்றிரண்டு உலர் திராட்சைதானே என்று வீட்டுக்கு வரும் உறவினர்கள் எண்ணுவார்கள். எந்த அளவில் எந்த நாய் பாதிக்கப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத பொருள் அது. சாக்லேட்டும் சர்க்கரையில்லாச் சூயிங்கமும் கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. எக்ஸ்ரே எடுத்தாயிற்று. முறிவு இல்லை, ஆனால் எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது என்றும், உணவுக் குறைதான் காரணம் என்றும் மருத்துவர் கூறினார். குட்டிகளுக்கான சரிவிகித உணவைத் தொடங்கிவிட்டோம். வெறிநோய் ஊசியும் போட்டாயிற்று. பக்கத்து வீட்டாரிடமும் எலும்பைப் பற்றிச் சொல்லிவிட்டோம். அவர்கள் மனம் கோணாமல் ஏற்றுக்கொண்டார்கள். சீக்கிரம் தேற வேண்டும் என்று கால்சியம் டானிக் ஒன்றும் கூடவே கொடுக்கலாமா?

மறுமொழி 1-இன் தொடர்ச்சி (கால்நடை மருத்துவர், நாமக்கல்)

வேண்டாம். சரிவிகித உணவில் கால்சியம் ஏற்கெனவே உரிய அளவில் இருக்கிறது. குட்டிகளின் குடலுக்கு, மிகுதியாக வரும் கால்சியத்தை வேண்டாம் என்று தடுக்கும் திறன் முழுமையாக வளர்ந்திருக்காது. கொடுப்பதில் பெரும்பகுதி உடலில் ஏறி, வளரும் எலும்பையும் குருத்தெலும்பையும் வேறு வகையில் கோணலாக்கும். நேரில் பார்த்த மருத்துவர் ஏதேனும் எழுதிக் கொடுத்திருந்தால் அதை மட்டும் அவர் சொன்ன அளவில் கொடுங்கள். பாலும் தேவையில்லை; தயிர் ஒரு கரண்டி சேர்ப்பதில் தவறில்லை.

உணவு உறையில் எழுதியிருக்கும் அளவு ஒரு தொடக்கம் மட்டுமே. வாரம் ஒருமுறை எடை பார்த்து, விலாவைத் தடவியும் பார்த்து அளவைத் திருத்துங்கள். நான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு கிலோ எடைக்குத் தேவைப்படும் கலோரி படிப்படியாகக் குறையத் தொடங்கும். அப்போது குட்டி தட்டில் சிறிது மிச்சம் வைத்தால் வற்புறுத்தி ஊட்ட வேண்டாம். மீண்டும் எப்போது எக்ஸ்ரே எடுப்பது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எலும்பு தேறிவிட்டது என்று அவர் சொல்லும் வரை படியும் ஓட்டமும் வேண்டாம்.