டாக்டர் ஹூ: கிறிஸ்துமஸ் ஸ்பெஷலில் இருந்து தொடங்கலாமா?

புதுப்பயணி:
'டாக்டர் ஹூ' என்ற இந்த பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரை ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை. 1963இல் ஆரம்பித்தது என்றதுமே மலைப்பாக இருக்கிறது. விடுமுறைக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க ஒரு கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் வேண்டும். முன்கதை தெரியாதவர்களுக்கும் புரியணும். பட்டியல் வேண்டாம், ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

பனிமீன்:
2010இல் வந்த 'எ கிறிஸ்துமஸ் கரோல்'. கதாநாயகன் பெயரே டாக்டர், அவரிடம் காலத்தில் பயணிக்கிற நீலப் பெட்டி ஒன்று இருக்கிறது, அவ்வளவு தெரிந்தால் போதும்.

நொறுங்கி விழப்போகும் விண்கப்பலில் 4003 பேர். அவர்கள் பிழைக்க வேண்டுமானால் வானத்து மேகங்களை விலக்க வேண்டும். அதற்கான இயந்திரம் கஸ்ரான் சார்டிக் என்ற கல்நெஞ்சக் கிழவரிடம். மைக்கேல் கேம்பன் நடித்திருக்கிறார், அந்தக் குரலுக்காகவே பார்க்கலாம். கெஞ்சிப் பார்த்தும் மசியவில்லை. ஆனால் டாக்டர் இரண்டு விஷயங்களைக் கவனிக்கிறார்: ஒரு சிறுவனை அடிக்க ஓங்கிய கை பாதியில் நிற்கிறது, அறையில் நாற்காலிகளெல்லாம் அப்பாவின் படத்துக்கு முதுகு காட்டிக் கிடக்கின்றன. சரி, இந்த ஆளைத் திருத்திவிடலாம் என்று முடிவு செய்கிறார்.

அப்புறம் வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். கஸ்ரானின் சின்ன வயதுப் பதிவு ஒன்று திரையில் ஓடுகிறது. டாக்டர் வாசல் வழியாக வெளியேறுகிறார். அடுத்த நொடி அந்தப் பழைய பதிவுக்குள் வந்து நிற்கிறார்! கிழவருக்குப் புதிய ஞாபகங்கள் அங்கேயே, நம் கண்முன்னே முளைக்கின்றன. காலப்பயணத்தை விளக்க இதைவிட எளிமையான காட்சி இந்தத் தொடரில் இல்லை என்பேன்.

ஹார்ட்னெல்தாசன்:
மறுக்கிறேன். 2005இல் வந்த 'தி கிறிஸ்துமஸ் இன்வேஷன்'தான் சரியான வாசல். புதிய டாக்டராக டேவிட் டென்னன்ட் வரும் முதல் முழு எபிசோட். பைஜாமாவோடு வாள்சண்டை, வெட்டுப்பட்ட கை திரும்ப முளைப்பது... வேறென்ன வேண்டும்?

பனிமீன்:
சண்டை பிரமாதம்தான். ஆனால் பாதிக்கு மேல் டாக்டர் படுத்தே கிடக்கிறார். புது உடலெடுத்து முகம் மாறிப்போன இவர் தன் பழைய டாக்டர்தானா என்று அவரோடு பயணிக்கும் ரோஸ் தவிப்பதில்தான் கதையின் உயிரே இருக்கிறது. பழையவரைப் பார்க்காதவர் அவளோடு சேர்ந்து எப்படித் தவிப்பார்? இதே காரணத்துக்காக 2013, 2017 ஸ்பெஷல்களையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். இரண்டுமே அப்போதைய டாக்டர் விடைபெறும் கதைகள்.

புதுப்பயணி:
1963இல் இருந்தே வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒன்று வந்ததா?

ஹார்ட்னெல்தாசன்:
இல்லை. 1965இல் தொடர் வழக்கமாக வரும் சனிக்கிழமையே கிறிஸ்துமஸாக அமைந்தது. அன்று முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் கேமராவைப் பார்த்து வீட்டில் இருப்பவர்களுக்கு நேராகவே வாழ்த்துச் சொன்னார். அந்த எபிசோட் இன்று நம்மிடம் இல்லை, பிபிசி நாடாக்களை அழித்த காலம் அது. வருஷா வருஷம் என்ற வழக்கம் 2005 முதல் 2017 வரை. அப்புறம் சில வருஷம் புத்தாண்டுக்கு மாறி, 2023இல் மறுபடி கிறிஸ்துமஸுக்கு வந்தது.

புதுப்பயணி:
சரி, 2010தான். குழந்தைகள் பயப்படுவார்களா?

பனிமீன்:
மூடுபனியில் நீந்தும் சுறா ஒன்று படுக்கையறைக்குள் புகும்போது ஒரு திடுக் உண்டு. அப்புறம் அதுவே அவர்களுக்குச் செல்லமாகிவிடும். அழப்போவது பெரியவர்கள்தான். உறைபெட்டிக்குள் ஒரு பெண் வருவாள்; அந்தப் பெட்டியில் இருக்கிற எண்ணை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள்.