சாகவில்லை, நின்றிருந்தன: கைனேஸைத் தடுத்தபோது பார்த்தவை

ஆய்வு மாணவி:

மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்க்கும் ஆய்வகத்தில் முனைவர் பட்டம் செய்கிறேன். சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்தது எம்.சி.எஃப்-7 செல்கள். 1970-ல் ஒரு கன்னியாஸ்திரீயின் நுரையீரலைச் சுற்றிக் கோத்திருந்த நீரிலிருந்து எடுத்தவை. இன்றும் பெருகிக்கொண்டே இருக்கின்றன.

அவற்றுக்குப் பால்போசிக்ளிப் கொடுத்துப் பார்ப்பதுதான் என் முதல் சோதனை. சி.டி.கே 4, சி.டி.கே 6 என்ற இரண்டு கைனேஸ்களை, அதாவது மற்றப் புரதங்கள் மீது பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகளை, தடுக்கும் மருந்து இது. ஒரு செல் தன் டி.என்.ஏ-வைப் படியெடுக்கத் தொடங்கும் முன் ஒரு கதவைத் தாண்ட வேண்டும். அந்தக் கதவைப் பிடித்திருப்பது ஆர்பி என்ற புரதம். இந்தக் கைனேஸ்கள் ஆர்பி மீது பாஸ்பேட்டை ஒட்டினால் அதன் பிடி தளரும், செல் உள்ளே போகும். கைனேஸைத் தடுத்தால் பிடி தளராது.

படித்ததெல்லாம் சரி. ஆனால் மருந்து விட்ட மறுநாள் காலை, செத்துப்போன செல்கள் மிதக்கும் என்று எதிர்பார்த்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தேன். ஒன்றுகூட மிதக்கவில்லை. எல்லாம் தட்டின் அடியில் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. மருந்தைத் தப்பாகக் கலந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்புறம் செல்களை எத்தனாலில் பதப்படுத்தி, டி.என்.ஏ-வில் ஒட்டும் சிவப்புச் சாயம் ஏற்றி, ஒவ்வொரு செல்லிலும் எவ்வளவு டி.என்.ஏ என்று அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினோம். மருந்து படாத தட்டில் இரண்டு முகடுகள்: படியெடுக்காத செல்கள் ஓரிடத்தில், படியெடுத்து முடித்தவை அதன் இரட்டிப்பு அளவில். நடுவே படியெடுத்துக்கொண்டிருப்பவை ஒரு மேடு போல. மருந்து பட்ட தட்டில் முதல் முகடு மட்டும் நெடுநெடுவென்று நின்றது. நடு மேடு கிட்டத்தட்ட காலி. ஒரு செல்லும் சாகவில்லை, எல்லாம் கதவுக்கு வெளியே நின்றிருந்தன.

இன்னொரு தட்டில் மருந்தைக் கழுவிவிட்டுப் புது ஊட்ட நீர் ஊற்றியிருந்தோம். ஒரு நாளில் அந்த நடு மேடு திரும்ப எழுந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாரக்கணக்கில் மருந்தில் வைத்தால் சில செல்கள் தட்டையாகி, பெரிதாகி, மூப்படைந்து திரும்பாமலே போவதும் உண்டு. ஆனால் ஒரு நாள் போதவில்லை.

ஒரு மகள்:

அக்கா, என் அம்மா இதே மருந்தைத்தான் சாப்பிடுகிறார். 21 நாள் தினமும் ஒன்று, அப்புறம் 7 நாள் இடைவெளி. கூடவே லெட்ரோசோல் என்ற இன்னொரு மாத்திரை. இரண்டாவது சுற்றுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் 800 என்று குறைந்து வந்தது. ரிப்போர்ட்டைப் பிடித்திருந்த கை நடுங்கியது. டாக்டர் பதறவில்லை. "காய்ச்சல் இருக்கிறதா? இல்லையே. ஒரு வாரம் தள்ளி ஆரம்பிக்கலாம்" என்றார். அந்த ஒரு வாரமும் தெர்மாமீட்டர் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அடுத்த வாரம் 1,600. கீமோ போல இது நியூட்ரோஃபில் உருவாகும் எலும்பு மஜ்ஜையின் செல்களைக் கொல்வதில்லை, அங்கே உற்பத்தி நின்று நின்று நடக்கிறது என்று அவர் சொன்னது, நீங்கள் தட்டைக் கழுவியதைப் படித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

ஆனால் அதே காரணத்தால் ஒரு பயமும் வந்துவிட்டது. அந்த ஏழு நாளில் புற்றுச் செல்லும் எழுந்துகொள்ளாதா?

இன்னொரு ஆய்வாளர்:

எல்லாக் கைனேஸும் ஒரே இடத்தில் நிறுத்துவதில்லை என்பதை என் பங்குக்குச் சொல்கிறேன். நான் தடுத்தது ஆரோரா பி என்ற இன்னொரு கைனேஸை. ராத்திரி முழுக்கக் கேமராவை ஓடவிட்டிருந்தேன். செல்கள் பிரியத் தயாராகி உருண்டையாகின்றன, இடுப்பில் குறுகவே இல்லை, இரட்டிப்பு டி.என்.ஏ-வோடு ஒரே செல்லாகத் திரும்பப் படுத்துக்கொள்கின்றன. அடுத்த சுற்றிலும் அப்படியே. மூன்றாம் நாள் பூதம் மாதிரி பெருத்த செல்கள். பிரிவுதான் நின்றது, படியெடுப்பு நிற்கவில்லை. எம்.டி.ஏ-எம்.பி-468 என்ற வேறு மார்பகப் புற்றுச் செல்களுக்குப் பால்போசிக்ளிப்பும் கொடுத்துப் பார்த்தேன். அவற்றில் ஆர்பி புரதமே கிடையாது. முகடுகள் அசையவில்லை. கதவைப் பிடிக்க ஆளே இல்லாதபோது மருந்து என்ன செய்யும்?

ஆய்வு மாணவி:

தங்கை, உன் கேள்வியை நானும் என் வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறேன். அம்மாவின் லெட்ரோசோலுக்கு இடைவெளி இல்லை, கவனித்தாயா? அந்த ஏழு நாளும் அது உண்டு. சி.டி.கே 4, 6 வேலை செய்ய சைக்ளின் டி என்ற கூட்டாளி வேண்டும். அம்மாவுக்கு வந்த வகைப் புற்றில் அந்தக் கூட்டாளியைப் பெருக்குவது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே குறைக்கிறது. கதவை அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கை அழுத்திக்கொண்டிருக்கிறது. மஜ்ஜைக்கு அந்தக் கை இல்லை, அதனால்தான் அம்மாவின் நியூட்ரோஃபில் ஏறியது. என் தட்டில் லெட்ரோசோல் இல்லை. அந்த மேடு எழுந்ததை வைத்து அம்மாவைப் பற்றிப் பயப்படாதே. லெட்ரோசோலை ஒரு நாளும் விடாமல் கொடு.